ஒன்பதோடு நின்ற கால்

அத்தியாயம் 5

கோல்கீப்பர் அலனைப் பூட்டி வைத்திருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவுக்கு மேலே ஒரு முழ அகலத்தில் கம்பி போட்ட திறப்பு ஒன்று இருந்தது. அதன் வழியாகத்தான் அவனுக்கு வெளிச்சம், காற்று, வெளியே நின்றவர்கள் வாரி வழங்கிய கெட்ட வார்த்தை மூன்றும் கிடைத்துக்கொண்டிருந்தன.

"எல்லாம் பாதுகாப்புக்குத்தாங்க," என்றார் சிவப்பிரகாசம். ஆரணி நெசவாளர் கால்பந்து அணியின் மேனேஜர். ஊரில் பட்டுச்சேலை வியாபாரம். "வெளிய எத்தினி பேர் நிக்கிறாங்க பாருங்க. தொறந்து வுட்டா ஆளு முழுசா வூடு போய்ச் சேர மாட்டான்."

"பூட்டு வெளிப்பக்கம் தொங்குது. சாவி உங்க பாக்கெட்ல இருக்குது. எங்க ஊர்ல இதுக்கு வேற பேருங்க," என்றேன்.

பரிமளா மேடம் என் காலை மிதித்தார். எவன் எப்படி இருந்தாலும் முதல் அரை மணி நேரம் மரியாதையாகப் பேச வேண்டும் என்பது அவர் கொள்கை. மேடம்தான் பரிமளா துப்பறியும் நிலையம். வேலூரில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடி. நான் தீனா. உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருபவர் எல்லாம் நான் ஒருவனே. எங்களுக்கு வரும் வழக்கில் பத்துக்கு ஒன்பது, மாப்பிள்ளை குடிப்பாரா என்று பார்த்துச் சொல்வது. அப்படிப்பட்ட எங்களுக்கு, காலையில் சர்ச் முடிந்த கையோடு இவாஞ்சலின் என்ற பெண் போன் செய்து, "என் வீட்டுக்காரரை கிரவுண்டு ஸ்டோர் ரூம்ல அடைச்சு வெச்சிருக்காங்க" என்று அழுதபோது நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வண்டியைக் கிளப்பினேன். நானும் ஒரு காலத்தில் இந்தப் பாலாறு லீக்கில் ஆடியவன். ஆடியவன் என்றால், பெஞ்சில் உட்கார்ந்தவன்.

வரும் வழியெல்லாம் மேடத்துக்குப் பாடம் எடுத்தேன். எட்டு அணிகள். நவம்பரில் தொடங்கி பிப்ரவரி கடைசி வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டம், ஓர் அணிக்குப் பதினான்கு. ஆடுகிறவர்கள் வாரம் முழுக்கத் தறியிலோ அரிசி மில்லிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்த்துவிட்டு, ஞாயிறு மட்டும் பேட்டாவுக்கு ஆடுபவர்கள். முதலிடம் பிடிக்கும் அணி மாநிலப் போட்டிக்குப் போகும். ஆஃப்சைடு விதியை மூன்று முறை விளக்கினேன். மூன்றாவது முறை மேடம் பின்சீட்டில் ஹெல்மெட்டோடு தூங்கிவிட்டார்.

விஷயம் இதுதான். முதல் ஒன்பது ஆட்டத்தில் ஆரணி அணி தோற்கவே இல்லை. முக்கியக் காரணம் ஜெயக்குமார் என்ற ஸ்ட்ரைக்கர், பதினோரு கோல் அடித்தவன். பத்தாவது ஆட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பயிற்சியில் அலனும் அவனும் மோதிக்கொண்டார்கள். ஜெயக்குமாருக்குக் கணுக்கால் உடைந்து கட்டு. அதற்குப் பிறகு நான்கு ஆட்டத்தில் மூன்று தோல்வி, ஒன்று சமன். எட்டுப் புள்ளி முன்னாலிருந்த ஆரணியைக் களம்பூர் எட்டிப் பிடித்துவிட்டது. இன்று நாலரை மணிக்குக் கடைசி ஆட்டம், இந்த இரண்டு அணிக்கும்.

ஊர் கூடி ஒரு கணக்குப் போட்டது. அலன் மனைவி இவாஞ்சலினுக்குப் பிறந்த வீடு களம்பூர். அவள் அண்ணன்தான் களம்பூர் அணியின் கேப்டன். எனவே அலன் வேண்டுமென்றே காலை உடைத்தான். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று சொல்லக்கூட யோசிப்பவர்கள் இதை யோசிக்காமல் சொன்னார்கள்.

"நாலு மணிக்கு லீக் கமிட்டி வருது," என்றார் சிவப்பிரகாசம். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. 'நான் வேண்டுமென்றே உதைத்தேன்' என்று டைப் அடித்து, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். "இதுல கையெழுத்துப் போட்டான்னா ஆயுள் தடையோட வுட்டுடுவாங்க. இல்லன்னா போலீஸ் கேஸு. பையன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இவாஞ்சலின் சுவரோரம் நின்றிருந்தாள். பைபிளும் டிபன் டப்பாவும் ஒரே பையில். "தடை வந்தா திங்கக்கிழமையில இருந்து ஸ்கூலுக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்கக்கா," என்றாள் மேடத்திடம். "பி.டி. மாஸ்டர் வேலைதான் அவருக்கு. அதை வுட்டா வேற ஒண்ணும் தெரியாது. அவர் செய்யலக்கா. செஞ்சிருக்கவே மாட்டார்."

மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கம்பித் திறப்பில் முகம் வைத்தார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"அலன் சார், மோதினது உண்மையா?"

"உண்மைங்க."

"வேணும்னு மோதினீங்களா?"

உள்ளே பழைய வலை ஒன்று சரியும் சத்தம் மட்டும் கேட்டது.

"தெரியாம நடந்துடுச்சுன்னு சொல்லுங்க. நான் நம்பத் தயார்."

"இன்னா சொன்னாலும் இவங்க நம்பப் போறதில்லீங்க. நீங்க எதுக்கு பேஜார் பட்றீங்க. ஊருக்குப் போங்க."

"போறேன். போற வழியில ஜெயக்குமாரை ஒரு எட்டு பாத்துட்டு..."

"சேவூருக்குப் போகாதீங்க," என்றது உள்ளிருந்து வந்த குரல். இந்த முறை வேகமாக வந்தது. "அவன் காலு வலியில இருக்கான். அவனை எதுவும் கேக்காதீங்க."

மேடம் நாற்காலியிலிருந்து இறங்கினார். மணி இரண்டே கால்.

"தீனா, வண்டிய எடு. சேவூர்."

"போகாதீங்கன்னு சொன்னாரே மேடம்."

"காலை உடைச்சவன், உடைஞ்சவனைப் பத்திப் பயப்படுவான். இவன் அவனுக்காகப் பயப்படுறான். ஏன்னு போய்ப் பாக்கலாம்."

சேவூர் பத்து நிமிடம்கூட இல்லை. ஊரே மைதானத்தில் இருந்ததால் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகூட நிற்காத ஒரு பவர்லூம் தடதடத்துக்கொண்டிருந்தது. ஜெயக்குமார் வீட்டுக் கதவைத் திறந்தது அவன் மனைவி தேவிப்ரியா. நாங்கள் யார் என்று மேடம் சொன்னதும் அவள் முகம் சுருங்கியது, ஆனால் வழி விட்டாள்.

உள்ளே தறி போட்ட அறை. நடுவில் குழித்தறி, அதில் பாதி நெய்த மாம்பழ நிறச் சேலை. மூலையில் ஒரு கஞ்சிச் சட்டி, மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. நெசவுக்கு நீளவாக்கில் ஓடும் பட்டுப் பாவைத் தெருவில் நீட்டிக் கட்டி, நூல் விறைப்பாக நிற்க அரிசிக் கஞ்சி தடவுவார்கள், அந்தக் கஞ்சி. ஜன்னலோரம் நாற்காலியில் ஜெயக்குமார். வலது காலில் முழங்காலுக்குக் கீழே தொடங்கி விரல் வரை வெள்ளைக் கட்டு. அந்தக் காலை ஒரு ஸ்டூல் மேல் நீட்டி வைத்திருந்தான்.

"எப்படி இருக்குது காலு?" என்றேன்.

"இன்னும் ரெண்டு வாரம் ஆகும்னு சொல்லிகினு இருக்காங்க."

நான் என் போனில் ஒரு போட்டோவைக் காட்டினேன். ரசிகர்கள் வாட்ஸ்அப் குழுவில் நான்கு வாரத்துக்கு முன் வந்தது. அதில் இதே கால், இதே கட்டு, மேலே அணிக்காரர்கள் ஒன்பது பேர் மார்க்கரில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "இந்தக் கையெழுத்தெல்லாம் எங்க போச்சு? கட்டு புதுப் பொண்ணாட்டம் இருக்குதே."

"போன வாரம் வேலூர்ல மாத்துனாங்க," என்றாள் தேவிப்ரியா. "குடுங்க, அந்த போட்டோவ நானும் பாக்கறேன்." போனை வாங்கிக்கொண்டாள்.

நல்ல பதில். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னையும் பார்க்கவில்லை, கட்டையும் பார்க்கவில்லை. குனிந்து ஸ்டூலின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு காலும் நான்கு கொட்டாங்குச்சிக்குள் நின்றன. ஒவ்வொரு கொட்டாங்குச்சியிலும் தண்ணீர். தண்ணீரில் எறும்புகள் மிதந்தன.

"தீனா, எறும்புக்கு இன்னா புடிக்கும்?"

"சர்க்கரை, சோறு, என் டிபன் பாக்ஸ்."

"சுண்ணாம்பு?"

"எறும்பு வெத்தலை போடாதுங்க மேடம்."

"ஆஸ்பத்திரியில போடுற மாவுக்கட்டு சுண்ணாம்புக் கல் மாதிரிதான். அதை எந்த எறும்பும் சீண்டாது. சோத்துப் பானைக்கும் பலகார டப்பாவுக்கும்தான் இப்படிக் காலுக்குத் தண்ணி வெப்பாங்க. இந்த வீட்டுல ஒரு மனுஷன் காலுக்கு வெச்சிருக்காங்க."

தேவிப்ரியா சிரிக்கப் பார்த்தாள். "தறி வீட்டுல எறும்பு வராதுங்களா?"

"வரும்மா. ஆனா தறிக்கு வெக்கலியே, அலமாரிக்கு வெக்கலியே. இந்த ஸ்டூலுக்கு மட்டும் வெச்சிருக்கீங்க." மேடம் கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். "புளிச்ச கஞ்சி. மெடிக்கல்ல கட்டுப்போடுற மாவு வாங்கினா சாயங்காலத்துக்குள்ள ஆரணி பூரா தெரிஞ்சிடும். அதான் வீட்டுல இருந்ததை வெச்சே முடிச்சிட்டீங்க. பட்டு நூலையே விறைப்பா நிறுத்துற கஞ்சி, வேட்டித் துணியை நிறுத்தாதா? வாரத்துக்கு ஒரு தடவை நாத்தம் வந்துடும், வேற போடணும். கையெழுத்து அதோட போச்சு."

கட்டுக்கு வெளியே தெரிந்த ஐந்து விரல்களும் உள்ளே மடங்கின. உடைந்த கால் அவ்வளவு சுகமாக மடக்காது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், வழக்கு முடிந்தது, இவனை அப்படியே அள்ளிக்கொண்டு போய் கமிட்டி முன்னால் நிறுத்த வேண்டியதுதான் என்று.

பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வெளித்தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது.

"மன்னிச்சுக்கோங்க," என்றது கதவுக்கு அந்தப் பக்கம் தேவிப்ரியாவின் குரல். "மேட்ச்சு முடியற வரைக்கும் உள்ளதான் இருக்கணும். ஆறரை மணிக்குத் தொறந்து வுடறேன். அப்புறம் எங்க வேணா போய்ச் சொல்லிக்கோங்க."

நான் கதவைத் தட்டினேன், உதைத்தேன், தோளால் இடித்தேன். தேக்குக் கதவு. அடுத்த வீட்டுப் பவர்லூம் சத்தத்தில் என் கத்தல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஜன்னலுக்குக் கம்பி, கம்பிக்கு வெளியே நெல்வயல், வயலில் இரண்டு கொக்கு. என் போன் தேவிப்ரியா கையில். மேடத்தின் போன் வண்டி டேங்க் கவரில். ஜெயக்குமார் போனையும் அவள்தான் வைத்திருக்கிறாளாம். மணி இரண்டு ஐம்பது.

"துப்பு துலக்க வந்து தறிக்குழியில மாட்டிகினு இருக்கோம்," என்றேன். "இதை விளம்பரத்துல போட்டுக்கலாம் மேடம்."

மேடம் ஜெயக்குமாருக்கு எதிரே தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். "களம்பூர்க்காரங்க சொல்லித்தானே இதைச் செஞ்சீங்க?"

"தாயி மேல சத்தியமா இல்லீங்க. களம்பூர் ஜெயிக்கணும்னு நான் கனவுலகூட நெனச்சதில்ல."

"அப்புறம் ஆடாம இருந்தா உங்களுக்கு இன்னா லாபம்?" மேடம் கொஞ்ச நேரம் சேலையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தீனா, இவரு இந்த சீசன்ல எத்தினி மேட்ச் ஆடினாரு?"

"ஒன்பது."

"பத்து ஆடினா இன்னா ஆகும்?"

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். ஒரு சீசனில் ஒரே கிளப்புக்குப் பத்து ஆட்டத்தின் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால், அடுத்த இரண்டு சீசனும் அந்தக் கிளப்பின் ஆள்தான். கிளப்பாகப் பார்த்து விட்டால் ஒழிய வேறு எங்கும் ஆட முடியாது. அந்த விதியில் சிக்கித்தான் நான் இரண்டு வருஷம் வேலூரில் பெஞ்சைத் தேய்த்தேன். அவர்கள் ஆடவும் விடவில்லை, போகவும் விடவில்லை. இருபத்திரண்டு வயதில் உள்ளே போனவன் இருபத்து நான்கில் தொப்பையோடு வெளியே வந்தேன்.

"மெட்ராஸ்ல ஒரு கிளப்புங்க," என்றான் ஜெயக்குமார். "முதல் டிவிஷன். டிசம்பர்ல நம்ம மேட்ச்சைப் பாத்துட்டு லெட்டர் குடுத்தாங்க. மார்ச்ல வந்து சேரணும், எந்தக் கிளப்புக்கும் கட்டுப்பட்டு இருக்கக் கூடாதுன்னு. நான் சிவப்பிரகாசம் சார்கிட்ட சாடையா கேட்டுப் பாத்தேன். 'நீ போனா டீம் ஏது, வாய மூடிகினு ஆடு'ன்னுட்டாரு. ஆட மாட்டேன்னு சும்மா சொன்னா ஒழுங்கு நடவடிக்கைன்னு தடை போடுவாங்க. ஆடினா கட்டிப் போடுவாங்க. அடிபட்டா மட்டுந்தாங்க ஒரு ஆளு உட்காரலாம்."

"உங்க ஆசைக்கு அலனை மாட்டி வுட்டுட்டீங்க," என்றார் மேடம். குரலில் மரியாதை போய்விட்டிருந்தது. அரை மணி நேரம் முடிந்திருந்தது.

ஜெயக்குமார் நிமிர்ந்து பார்த்தான். "நான் மாட்டி வுடலீங்க. யோசனையே அவனுதுதான்."

பவர்லூம் தடதடத்தது. நான் காதில் விழுந்தது சரிதானா என்று மேடத்தைப் பார்த்தேன். மேடம் அசையவில்லை.

"பதினாலு வயசுல இருந்து ஒண்ணா ஆடறோம்," என்றான் அவன். "லெட்டரை மொதல்ல அவன்கிட்டதான் காட்டினேன். 'தானா வுழுந்தா எவனும் நம்ப மாட்டான். நான் வந்து மோதறேன், நீ கத்திகினு வுழு'ன்னான். அப்படித்தான் செஞ்சோம். எட்டுப் புள்ளி முன்னாடி இருந்தோங்க. மிச்ச அஞ்சு மேட்ச்ல மூணு ஜெயிச்சாலே கோப்பை நமக்குத்தான். நான் இல்லாம ஜெயிச்சுடுவாங்கன்னுதான் நெனச்சோம். ஜெயிச்சிருந்தா எவன் கேட்டிருப்பான் யாரு மோதினான்னு. தோத்தாங்க. தோத்ததும் அவன் பொண்டாட்டி களம்பூருங்கறது எல்லாருக்கும் ஞாபகம் வந்துடுச்சு."

"இவாஞ்சலினுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எங்க மூணு பேருக்குத்தான். நேத்து ராத்திரி வரைக்கும் மெசேஜ் அனுப்பிகினு இருந்தான், வாயைத் தொறக்காத, இன்னும் ஒரே ஒரு மேட்ச்சுதான்னு."

எங்களைக் கூப்பிட்ட பெண் அவர் செய்யவே மாட்டார் என்று அழுதுகொண்டிருக்கிறாள். அவர் செய்திருக்கிறார். இதைக் கண்டுபிடிக்கத்தான் நாங்கள் இத்தனை கிலோமீட்டர் வந்திருக்கிறோம். எனக்கு அந்தக் கொட்டாங்குச்சித் தண்ணீரை எடுத்து என் தலையில் ஊற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இப்ப மணி மூணேகால்," என்றார் மேடம் அமைதியாக. "நாலு மணிக்கு அந்தத் தாளை நீட்டுவாங்க. அலன் கையெழுத்துப் போடுவாரா?"

"போடுவான். என் பேரைச் சொல்றதுக்கு அதுவே மேல்னு போட்டுடுவான்."

"அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுகினே இங்க உட்கார்ந்திருக்கீங்க."

அவன் தலை குனிந்துகொண்டான். அழுதான் என்று நினைக்கிறேன். எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. அதே நேரத்தில் அவனை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை, அதனால் கோபம் இரட்டிப்பானது.

"இங்க பாருப்பா," என்றேன். "நானும் அந்தப் பத்து மேட்ச்ல மாட்டினவன்தான். அது எப்படி இருக்கும்னு எனக்கு நீ சொல்ல வேணாம். ஆனா என்னைக் காப்பாத்தறதுக்காக எவனும் ஒரு ரூமுக்குள்ள போய் உட்காரல. எனக்கு அப்படி ஒருத்தன் இருந்திருந்தா, நான் ரெண்டு வருஷம் இல்ல, பத்து வருஷம் பெஞ்சுல உட்கார்ந்திருப்பேன்."

மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் நகைச்சுவை இல்லாமல் இவ்வளவு நேரம் பேசி அவர் கேட்டதில்லை.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று முப்பத்தைந்து. ஜெயக்குமார் ஸ்டூலிலிருந்து காலை இறக்கினான். எழுந்து நின்றான். நான்கு வாரமாகத் தரையில் ஊன்றாத கால் என்று ஊர் நம்பிய அந்தக் காலை ஊன்றி, கதவருகே நடந்து வந்தான்.

"தேவி, தொற."

"மாட்டேன்." அவள் கதவை ஒட்டியே நின்றிருக்க வேண்டும், குரல் அவ்வளவு பக்கத்தில் வந்தது. "எல்லாம் கேட்டுகினுதான் இருந்தேன். உங்களுக்கு இருபத்தேழு முடிஞ்சிடுச்சுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு இருபத்தொன்பது. எந்த டீம் எடுக்கும்? இன்னும் மூணு மணி நேரம். மூணே மணி நேரம் பேசாம உட்காருங்க. அலன் அண்ணனுக்கு வேற வேலை கெடைக்கும். உங்களுக்கு இன்னொரு லெட்டர் கெடைக்காது."

"நீ சொல்றது எல்லாம் சரி. தொற."

"மாட்டேங்க."

"அப்ப தள்ளி நில்லு."

அவன் நான்கு எட்டு பின்னால் வந்தான். தறியைச் சுற்றி இடம் பார்த்தான். பெனால்டி அடிக்கிறவன் பந்தைப் பார்ப்பதுபோல் தாழ்ப்பாள் இருக்கும் இடத்தைப் பார்த்தான். பதினோரு கோல் எப்படி விழுந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் உதையில் கட்டு வெடித்தது. இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போனது. கஞ்சித் துணி கணுக்காலில் தொங்க அவன் வாசலைத் தாண்டினான். தேவிப்ரியா சுவரோரம் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் ஒரு கணம் அவள் தலையில் கை வைத்தான், பிறகு நடந்தான். நான் என் போனை எடுத்துக்கொண்டேன். அவள் தடுக்கவில்லை.

ஒரே வண்டியில் மூன்று பேர். நடுவில் ஜெயக்குமார், பின்னால் மேடம். சேவூர் சாலையில் நான் அவ்வளவு ஜல்தியாக எப்போதும் வண்டி ஓட்டியதில்லை. மைதானத்துக்குள் நுழைந்தபோது மணி மூன்று ஐம்பத்திரண்டு.

ஜெயக்குமார் இறங்கி நடப்பதை முதலில் நாலு பேர் பார்த்தார்கள், அப்புறம் நாற்பது பேர். பிறகு ஒருவன் கை தட்டினான், எல்லோரும் தட்டினார்கள். கால் எப்படிச் சரியானது என்று ஒருவனும் கேட்கவில்லை. அலனைக் கிழித்துத் தொங்கப் போடக் காத்திருந்த கூட்டம் இவனைத் தோளில் தூக்க வந்தது.

ஸ்டோர் ரூம் வாசலில் சிவப்பிரகாசம் நின்றிருந்தார். பக்கத்தில் இவாஞ்சலின். கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும் தூரத்தில் பந்தலுக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவர் கையெழுத்துப் போட்டுட்டாருக்கா," என்றாள் இவாஞ்சலின். "நான் வேணாம்னு கத்தினேன். தாளை உள்ள வாங்கிக் கையெழுத்துப் போட்டு, கதவு சந்து வழியா வெளிய தள்ளிட்டாரு."

தாள் சிவப்பிரகாசம் கையில் இருந்தது. அவர் ஜெயக்குமாரின் காலைப் பார்த்தார், தொங்கிய துணியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வியாபாரி அல்லவா, விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு நிமிடத்தில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒன்பது என்று வாய்க்குள் முணுமுணுத்ததை நான் கேட்டேன்.

"கால் உடையவே இல்லை," என்றார் மேடம். "உடையாத காலை உடைச்சதா எழுதின தாளுக்கு மதிப்பு கிடையாது. குடுங்க அதை."

"மதிப்பு இருக்குதும்மா," என்றார் சிவப்பிரகாசம். கோபமே இல்லாமல் சொன்னார். "நீங்க கமிட்டிகிட்ட போய் உண்மைய சொல்லுங்க, நான் தடுக்கல. காயம்னு பொய் சொல்லி கிளப்பை ஏமாத்தினதுக்கு இவனுக்கு ஆயுள் தடை. கூட சேர்ந்து நடிச்சதுக்கு அவனுக்கும் ஆயுள் தடை. மெட்ராஸும் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு. சொல்றீங்களா?"

மேடம் தாளுக்காக நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். துப்பறியும் தொழிலில் உண்மையைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. கண்டுபிடித்த உண்மையால் யாருக்கும் பத்துப் பைசா பிரயோஜனமில்லை என்று ஆவது எங்களுக்கு அன்றுதான் முதல் தடவை.

சிவப்பிரகாசம் சட்டைப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். இன்றைய ஆட்டத்தின் பட்டியல். பத்துப் பெயர் எழுதி, ஸ்ட்ரைக்கர் இடத்தில் ஒரு வரி காலியாக இருந்தது. கோல்கீப்பர் இடத்தில் வேறு ஒருவன் பெயர்.

"நாலேகாலுக்கு இதைக் குடுக்கணும்," என்றார் ஜெயக்குமாரிடம். "இதுல உன் கையெழுத்து வுழுந்தா, அந்தத் தாளை இங்கயே கிழிச்சுப் போடறேன். கீப்பர் பேரையும் மாத்தி எழுதறேன். மைக்ல நானே சொல்றேன், அது விபத்துதான், அலன் மேல தப்பு இல்லன்னு. உன் காலு நேத்து சரியாயிடுச்சு. அவ்ளோதான். யாரும் யாரையும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"இது பத்தாவது," என்றேன் நான். யாருக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

ஜெயக்குமார் பேனாவை வாங்கினான். பட்டியலைச் சுவரில் வைத்து எழுதினான். அழுத்தியதில் பேனா ஒரு இடத்தில் தாளைக் கிழித்தது. சிவப்பிரகாசம் சொன்னபடி மற்றத் தாளை நான்காகக் கிழித்தார். நான்கு துண்டையும் மேடம் வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு சாவி வந்தது.

கதவைத் திறந்ததும் அலன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தான். பழைய வலைகளின் தூசி அவன் தலை முழுக்க இருந்தது. இவாஞ்சலின் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். "சொன்னேன்ல, நீங்க எதுவும் செய்யலன்னு," என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் என் மேடத்தைப் பார்த்தான். மேடம் லேசாகத் தலையாட்டினார். வீட்டுக்குப் போய் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம்.

அப்புறம்தான் அவன் ஜெயக்குமாரைப் பார்த்தான். பார்வை காலுக்கு இறங்கியது. அங்கிருந்து சிவப்பிரகாசம் கையிலிருந்த பட்டியலுக்குப் போனது.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"ஏண்டா வந்த?" என்றான் அலன். "நான் உள்ளயே இருந்திருப்பேன்டா. ஒருத்தன் மாட்டினா போதும்னுதானே கையெழுத்தே போட்டேன். ஒருத்தனாவது வெளிய போயிருப்பான்."

ஜெயக்குமார் குனிந்து, கணுக்காலில் ஒட்டியிருந்த கடைசித் துணியைப் பிய்த்து எறிந்தான்.

"நான் எங்கடா வெளிய இருந்தேன்," என்றான். "நாலு வாரமா ரெண்டு பேருந்தான் மாட்டிகினு இருந்தோம். இப்ப ஒருத்தன்தான்."

மைக்கில் சிவப்பிரகாசத்தின் குரல் விபத்து, விபத்து என்று சொல்லிக்கொண்டிருந்தது. இவாஞ்சலின் டிபன் டப்பாவைத் திறந்தாள். அலனும் ஜெயக்குமாரும் ஸ்டோர் ரூம் படியில் உட்கார்ந்து அதிலிருந்த எலுமிச்சை சோற்றை ஒரே தட்டில் அவசர அவசரமாகச் சாப்பிட்டார்கள். ஆட்டத்துக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.